இடது பக்கம் இருந்த வாப்பா

எனக்கு வலது காது கேட்காது. 2016இல் ஒரு நாள் காலையில் எழுந்தபோது, காதுக்குள் தண்ணீர் புகுந்தது போல அடைத்துக்கொண்டது. இரண்டு நாளில் திறந்துவிடும் என்று சும்மா இருந்தேன். திறக்கவில்லை. நரம்பு போய்விட்டது, இனி ஒன்றும் செய்வதற்கில்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார். அதற்குப் பிறகு வலது பக்கம் உட்கார்ந்து பேசியவர்கள் பலர் நான் வேண்டுமென்றே பதில் சொல்லாமல் இருக்கிறேன் என்று கோபித்துக்கொண்டார்கள். இப்போது யார் வந்தாலும், “இந்தப் பக்கம் உட்காருங்க” என்று இடது கையைக் காட்டிவிடுகிறேன்.

அந்தக் கேளாத காது ஒரு முறை எனக்கு ஒரு நன்மை செய்தது. அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். ஆனால் அதற்கு முன், நாம் கேட்டு வளர்ந்த ரேடியோ, டேப், வீடியோ சி.டி. ஆகியவற்றில் ஒலியை ‘இடது’ என்றும் ‘வலது’ என்றும் இரண்டாகப் பிரித்து வைத்த கதையையும் கொஞ்சம் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் நடந்தது விளங்காது.

2020இல் ஊரடங்கு. வெளியே போக வழியில்லை. பீரோவைக் குடைந்தபோது என் மூத்த மகளின் கல்யாண வீடியோ அகப்பட்டது. 2002இல் நம்மூரில், எங்கள் தெருவில் பந்தல் போட்டு நடந்த கல்யாணம். மூன்று வட்டுகள். வீட்டில் எல்லோரும் மதியத் தூக்கத்தில் இருந்தார்கள். அவர்களை எழுப்ப வேண்டாம் என்று பேரனின் ஹெட்போனை மாட்டிக்கொண்டு கணினியில் போட்டுப் பார்த்தேன்.

முதல் வட்டு முழுக்கச் சினிமாப் பாட்டு. மாப்பிள்ளை ஊர்வலம், பூ, வளையம் வளையமாகப் படம் சுற்றுவது, எல்லாம் அந்தக் காலத்து வழக்கப்படி. இரண்டாவது வட்டில் மேடையில் ஒரு பெரியவர் மணமக்களை வாழ்த்திப் பேசுகிறார். உதடு அசைகிறது, கை ஆடுகிறது. எனக்கு அவர் பேச்சு எங்கோ தொலைவில், பக்கத்துத் தெருக் குழாயில் கேட்பது போல மங்கலாகக் கேட்டது. அதற்கு முன்னால், மிக அருகில், வேறு ஒரு குரல்.

“ஓய், இந்தப் பந்தலுக்கு எவ்வளவு ஆச்சுன்னு நெனைக்கிறீரு?”

அது வாப்பாவின் குரல். வாப்பா 2006இல் காலமானார்கள்.

நான் அப்படியே நிறுத்திவிட்டேன். திரும்பப் போட்டேன். மறுபடி அதே குரல். படத்தில் வாப்பா இல்லை. கேமரா மேடையைப் பார்த்தபடி நிற்கிறது. குரல் மட்டும் இருக்கிறது. பேரனை எழுப்பி வந்து ஹெட்போனைக் கொடுத்தேன். அவன் கேட்டுவிட்டு, “மேடையில பேசுறவரு சத்தம்தான் கேக்குது, வேற ஒண்ணுமில்லையே” என்றான். எனக்குப் பைத்தியம் பிடித்துவிட்டதோ என்று அவன் பார்த்த பார்வை இன்னும் மறக்கவில்லை.

அவனுக்கு ஏன் கேட்கவில்லை, எனக்கு ஏன் கேட்டது? கதை 1881இல் பாரிஸில் தொடங்குகிறது.

அந்த ஆண்டு அங்கே ஒரு மின்சாரக் கண்காட்சி நடந்தது. கிளெமான் ஆதேர் என்ற பொறியாளர், ஓபரா மேடையின் முன் ஓரத்தில் வரிசையாகத் தொலைபேசி ஒலிவாங்கிகளை வைத்து, கம்பி இழுத்துக் கண்காட்சிக் கூடத்தில் கேட்க வைத்தார். கேட்பவர் ஒவ்வொரு காதிலும் ஒரு குழாயை வைத்துக்கொள்ள வேண்டும். மேடையின் இடப்புறத்து ஒலிவாங்கி ஒரு காதுக்கு, வலப்புறத்து ஒலிவாங்கி மறு காதுக்கு. பாடகர் மேடையில் நடந்தால் அவர் இடம் மாறுவது கேட்பவருக்குத் தெரிந்தது. இரண்டு காதுக்கு இரண்டு பாதை என்ற எண்ணம் அங்கே பிறந்தது. ஆனால் ஐம்பது ஆண்டுகள் யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

1931 டிசம்பரில் இங்கிலாந்தில் ஆலன் புளூம்லைன் என்ற பொறியாளர் இதற்காக ஒரு காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். கிராமபோன் இசைத்தட்டுகள் தயாரித்த இ.எம்.ஐ. நிறுவனத்தில் வேலை பார்த்தவர். பேசும் படம் புதிதாக வந்திருந்த காலம் அது. நடிகர் திரையின் ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரத்துக்கு நடந்தாலும் குரல் ஒரே இடத்திலிருந்து வந்தது அவருக்குப் பொருந்தவில்லை. இசைத்தட்டில் ஊசி ஓடும் பள்ளம் ‘வி’ வடிவில் இருக்கும் என்பது பழைய ஆட்களுக்குத் தெரியும். அந்தப் பள்ளத்தின் ஒரு சுவரில் இடது ஒலியையும் மறு சுவரில் வலது ஒலியையும் வெட்டலாம், ஒரே ஊசி இரண்டையும் படிக்கும் என்று அவர் கண்டார். அது கடையில் விற்பனைக்கு வந்ததை அவர் பார்க்கவில்லை. போரின்போது ரேடார் சோதனைக்காகப் பறந்த விமானம் விழுந்து 1942 ஜூனில் இறந்தார். வயது 38. அவர் வழியில் செய்த ஸ்டீரியோ இசைத்தட்டுகள் 1958 வாக்கில்தான் உலகச் சந்தைக்குப் பரவலாக வந்தன.

1958 என்ற ஆண்டை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பிறகு வருகிறேன்.

நம் கரையில் அப்போது இதெல்லாம் ஏது? நமக்குத் தெரிந்தது ஒரே பாதை ஒலிதான். கொழும்பு வானொலி கடல் தாண்டி வந்து, பக்கத்து வீட்டில் பேசுவது போலக் கேட்கும். கே.எஸ். ராஜாவும் பி.எச். அப்துல் ஹமீதும் நம் வீட்டு ஆட்கள் மாதிரி. அந்த ஒலிக்கு இடதும் கிடையாது, வலதும் கிடையாது. பாட்டு, பேச்சு, நடுவே வரும் கொரகொரப்பு, எல்லாம் ஒன்றாகக் கலந்து ஒரே ஓட்டை வழியாக வரும்.

பிறகு கேசட் வந்தது. பிலிப்ஸ் நிறுவனம் அதை 1963இல் வெளியிட்டது. நாடாவின் அகலம் 3.81 மில்லிமீட்டர், நான்கு மில்லிமீட்டர் கூட இல்லை. அந்த இத்துனூண்டு அகலத்தில் ஸ்டீரியோ கேசட்டுக்கு நான்கு தடங்கள் போட்டார்கள். ஏ பக்கத்துக்கு இடது, வலது. பி பக்கத்துக்கு இடது, வலது. ஒரு பக்கத்தின் இரண்டு தடங்களையும் அடுத்தடுத்து வைத்தார்கள். அதனால் சாதாரண மோனோ டேப்பில் போட்டாலும் அதன் தலை இரண்டையும் சேர்த்துப் படித்துவிடும். வசதியுள்ளவன் இரண்டாகக் கேட்பான், இல்லாதவன் ஒன்றாகக் கேட்பான், ஆனால் இருவருக்கும் முழுப் பாட்டும் கிடைக்கும். நல்ல ஏற்பாடு.

நம்மூருக்கு அந்த டேப்புகள் கொழும்பிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் பிறகு அரபு நாடுகளிலிருந்தும் பெட்டி பெட்டியாக வந்தன. டூ-இன்-ஒன் இல்லாத வீடே கிடையாது. நாகூர் ஹனிபா பாட்டும், நம்மூர் காயல் ஷேக் முகம்மது பாட்டும் ஓடாத கல்யாண வீடும் கிடையாது. 1978இல் இளையராஜா இசையில் ‘பிரியா’ வந்தது. ஸ்டீரியோவில் பதிவான முதல் தமிழ்ப் படப் பாடல்கள் என்று பெயர் எடுத்தவை அவை. சிங்கப்பூரில் எடுத்த படம் என்பதால் நம் ஆட்களுக்கு அதன் மேல் தனிப் பிரியம் வேறு. இரண்டு ஸ்பீக்கர் வைத்த டேப்பில் அதைப் போட்டுவிட்டு, ஒரு தாளம் இடது பக்கம் போகுது, ஒரு வயலின் வலது பக்கம் போகுது என்று ஆளுக்கு ஒரு ஸ்பீக்கரில் காதை ஒட்டிக்கொண்டு நின்றது நினைவிருக்கிறது.

அதே 1978இல்தான் நான் ஹாங்காங் போனேன். சிம் ஷா சுயியில் ஒரு கடையில் வேலை. முப்பது ஆண்டுகளுக்கு மேல் அங்கேதான். 1993இல் வீடியோ சி.டி. என்ற புதுச் சரக்கு வந்தது. இங்கே அது பரவுவதற்குச் சில ஆண்டுகள் முன்பே ஹாங்காங் தெருவெல்லாம் அதுதான். ஒரு வட்டில் எழுபது நிமிடத்துக்குக் கொஞ்சம் கூடுதலாகப் படம் பிடிக்கும். ஆகையால் ஒரு சினிமாவுக்கு இரண்டு வட்டு.

அங்கே ஒரு வேடிக்கை. ஹாங்காங் மக்கள் பேசுவது காண்டனீஸ். சீனப் பெருநிலத்திலும் தைவானிலும் மாண்டரின். ஒரே வட்டை இரண்டு பேருக்கும் விற்க வேண்டுமே? வட்டில் ஸ்டீரியோவுக்கென்று இரண்டு பாதைகள் சும்மா இருந்தன. இடது பாதையில் காண்டனீஸ், வலது பாதையில் மாண்டரின் என்று போட்டு விற்றார்கள். ரிமோட்டில் ஒரு பொத்தானை அழுத்தினால் இடது மட்டும், இன்னொரு முறை அழுத்தினால் வலது மட்டும். அழுத்த மறந்தால் இரண்டும் ஒன்றாகக் கேட்டு, சண்டைப் படத்தில் வில்லன் இரண்டு பாஷையில் ஒரே நேரத்தில் கத்துவான். நாங்கள் எட்டுப் பேர் தங்கியிருந்த அறையில் இது ஒரு பெரிய சிரிப்பு. கரோக்கே வட்டுகளிலும் இதே வித்தைதான்: ஒரு பாதையில் பாடகர் குரலோடு பாட்டு, மறு பாதையில் இசை மட்டும். குரல் வேண்டாம் என்றால் அந்தப் பாதையை அணைத்துவிட்டு நாம் பாடலாம்.

ஆக, ஸ்டீரியோ என்பது ‘இனிமையான இசை’ என்று மட்டும் நாம் நினைத்துக்கொண்டிருந்தோம். அடிப்படையில் அது இரண்டு தனித்தனிப் பைகள். இரண்டிலும் ஒரே சரக்கைப் போடலாம், வேறு வேறு சரக்கையும் போடலாம். போட்டவர் தனியாகப் போட்டிருந்தால், எடுப்பவர் எப்போது வேண்டுமானாலும் தனியாக எடுக்கலாம்.

இப்போது மகளின் கல்யாணத்துக்கு வருகிறேன்.

பேரன் என்னைப் பைத்தியமாகப் பார்த்தான் என்றேன் அல்லவா? அன்று மாலை அவனே வந்து, “ஹெட்போன்ல உங்களுக்கு எந்தக் காதுல கேட்டது?” என்று கேட்டான். எனக்கு இருப்பது ஒரே காது, இதில் என்ன கேள்வி என்றேன். அவன் ஹெட்போனின் வலது பக்கத்தைக் காதிலிருந்து விலக்கிவிட்டு, இடது பக்கத்தை மட்டும் வைத்துக் கேட்டான். அவன் முகம் மாறியது. “ஆமா, யாரோ பேசுறாங்க” என்றான். யாரோ அல்ல, உன் உம்மாவின் அப்பா நான். அது என் வாப்பா என்றேன்.

கல்யாணத்துக்குப் படம் எடுத்த தம்பியைத் தேடிப் பிடித்தேன். இப்போது அவர் வேறு தொழில் செய்கிறார். போனில் கேட்டபோது அவருக்கே நினைவு வந்தது. அந்த வருடம்தான் புதிதாக டிஜிட்டல் கேமரா வாங்கியிருந்தாராம். பேச்சு தெளிவாக வர வேண்டும் என்பதற்காக மைக் செட்காரரின் ஆம்ப்ளிஃபையரிலிருந்து ஒரு வயர் இழுத்துக் கேமராவின் இரண்டாவது பாதையில் கொடுத்தாராம். முதல் பாதையில் கேமராவின் சொந்த மைக். முதல் பாதை என்பது இடது, இரண்டாவது என்பது வலது. வலதில் மேடைப் பேச்சு கணீரென்று ஏறிவிட்டது. இடதில் கேமராவைச் சுற்றி என்ன சத்தம் இருந்ததோ அது: நாற்காலி இழுபடுவது, பிள்ளைகள் ஓடுவது, களரிச் சாப்பாட்டுக்கு ஆள் கூப்பிடுவது, கேமராவுக்குப் பக்கத்து நாற்காலியில் வாப்பாவும் அவர்களின் கொழும்புக் காலத்துச் சிநேகிதரும் மேடையில் பேசுவதைக் கேட்காமல் தங்களுக்குள் பேசிக்கொண்டிருந்தது.

இரண்டு காதும் கேட்கிறவர்களுக்கு வலது பக்கத்து உரத்த பேச்சு இடது பக்கத்துச் சிறு குரலை மூழ்கடித்துவிட்டது. பதினெட்டு ஆண்டுகளில் அந்த வீடியோவை எங்கள் வீட்டில் பத்து முறையாவது போட்டிருப்போம். ஒருவருக்கும் கேட்கவில்லை. எனக்கு வலது காது இல்லாததால் மேடைப் பேச்சு நுழைய வழியில்லாமல் போய், வாப்பா மட்டும் கேட்டார்கள்.

பேரன் கணினியில் ஒலியைப் பிரித்த விதத்தையும் எழுதிவிடுகிறேன். உங்கள் பிள்ளைகளுக்குச் சொல்ல உதவும். ஷாட்கட் என்று இலவச வீடியோ மென்பொருள் இருக்கிறது. வட்டிலிருந்த படத்தை அதில் ஏற்றினான். ஃபில்டர் என்ற பகுதியில் ஒலிக்கான பட்டியலில் ‘காப்பி சேனல்’ என்று ஒன்று உண்டு. அதில் ‘இடதிலிருந்து வலதுக்கு’ என்று தேர்ந்தான். இடது பாதையில் இருப்பது வலது பாதையிலும் படிந்து, அங்கே இருந்த மேடைப் பேச்சு போய்விட்டது. வலதை வெறுமனே அணைத்தால் போதாதா என்று கேட்டேன். அணைத்தால் ஒரு காதில் மட்டும்தான் கேட்கும், மற்றவர்களுக்குச் சங்கடமாக இருக்கும், இப்படிச் செய்தால் இரண்டு பக்கமும் கேட்கும் என்றான். வெறும் ஒலி மட்டும் போதும் என்றால் ஆடாசிட்டி என்ற இன்னொரு இலவச மென்பொருளில் ஸ்டீரியோவை இரண்டு தனித் தடமாகப் பிரித்து, வேண்டாததை அழித்துவிடலாம். அதன் பிறகு மங்கலான குரலைக் கொஞ்சம் உயர்த்தினான். மூல வட்டை யாரும் தொடவில்லை. செய்ததெல்லாம் ஒரு நகலில்தான்.

இதில் ஒரு பயங்கரமும் இருந்தது. இந்த வட்டுகள் கெட்டுப்போகும் என்று பயந்து 2014இலேயே ஒரு கடையில் கொடுத்துப் பென்டிரைவில் ஏற்றி வாங்கியிருந்தேன். பேரன் அதையும் சோதித்தான். அதில் வாப்பா இல்லை. அதாவது, இருக்கிறார்கள், ஆனால் எடுக்க முடியாது. அந்தக் கடையில் இடதையும் வலதையும் ஒன்றாகக் கலந்து ஒரே ஒலியாக்கி, அதையே இரண்டு பக்கமும் போட்டுக் கொடுத்துவிட்டார்கள். நல்ல எண்ணத்தில்தான் செய்திருப்பார்கள். ஒரு பக்கம் சத்தம் கம்மி, ஒரு பக்கம் அதிகம் என்று வாடிக்கையாளர் குறை சொல்லக் கூடாதே என்று. ஆனால் கலந்தது கலந்ததுதான். அந்த நகலை நம்பி வட்டுகளைக் குப்பையில் போட மகள் ஒரு முறை எடுத்து வைத்தாள். என் மனைவி, கிடக்கட்டும் என்று திரும்ப பீரோவில் வைத்துவிட்டாள். அந்த ஒரு சொல்லில்தான் வாப்பாவின் குரல் தப்பியது.

கலந்ததைப் பிரிக்கவே முடியாதா என்று கேட்பீர்கள். இப்போது செயற்கை நுண்ணறிவு கொண்டு முயல்கிறார்கள். பீட்டில்ஸ் குழுவின் ஜான் லெனன் 1970களில் வீட்டில் பியானோ வாசித்தபடி பாடி வைத்த ஒரு கேசட், ‘நவ் அண்ட் தென்’ என்ற பாட்டு. அவர் இறந்த பிறகு 1995இல் மற்ற மூவரும் அதை முடிக்கப் பார்த்தார்கள். குரலும் பியானோவும் இரைச்சலும் ஒரே பாதையில் கலந்திருந்ததால் கைவிட்டார்கள். கணினிக்குக் குரல் எது, பியானோ எது என்று பழக்கிக் குரலை மட்டும் பிரித்தெடுத்து, 2023 நவம்பரில்தான் வெளியிட்டார்கள். பெரிய சாதனைதான். ஆனால் அங்கே கணினி ஊகம் செய்கிறது. நம் வட்டில் ஊகத்துக்கு வேலையே இல்லை. படம் எடுத்த தம்பி தனித்தனியாகப் போட்டார், தனித்தனியாக இருந்தது, எடுத்துக்கொண்டோம்.

வாப்பா என்னதான் பேசினார்கள்?

நான் சொன்ன 1958 இங்கேதான் வருகிறது. நம் கரையில் முத்துச் சலாபம் மார்க்கோ போலோ காலத்திலேயே பேர் பெற்றது. தூத்துக்குடியில் கடைசியாகத் தொடர்ந்து நடந்த சலாபங்கள் 1955 முதல் 1961 வரை. அதோடு முத்துக்குளிப்பு நின்றுவிட்டது. மூழ்கியவர்கள் கொண்டுவரும் சிப்பியில் அவர்கள் பங்கு போக, அரசாங்கத்துப் பங்கை ஆயிரக் கணக்கில் ஏலம் விடுவார்கள். ஏலம் எடுப்பவனுக்கு உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாது. சிப்பியைக் குவித்து அழுகவிட்டு, ஈ மொய்க்க, நாற்றத்தில் காத்திருந்து, கழுவி, வண்டலைத் துழாவித்தான் முத்தெடுக்க வேண்டும். சூதாட்டத்துக்கும் அதற்கும் அதிக வித்தியாசம் இல்லை.

எனக்கு அப்போது ஆறு வயது. அந்த வருடம் வாப்பா திடீரென்று கொழும்புக்குப் போனார்கள். ஒரு கடையில் சம்பளத்துக்கு. ஏழு ஆண்டுகள், இடையில் இரண்டு முறைதான் வந்தார்கள். உம்மாவோடு சண்டை போட்டுக்கொண்டு போய்விட்டார்கள் என்றுதான் நான் நினைத்தேன். பெரியவனான பிறகு ஒரு முறை, “எங்கள விட்டுட்டுத்தானே போனீங்க” என்று கேட்டும் விட்டேன். வாப்பா பதில் சொல்லவில்லை. கடைசி வரை சொல்லவில்லை.

வட்டின் இடது பக்கத்தில், தம் சிநேகிதரிடம் சொல்லியிருந்தார்கள். மேடையில் வாழ்த்துரை ஓடிக்கொண்டிருக்கும்போது, கேமராவுக்கு ஒரு முழ தூரத்தில்.

“ஐம்பத்தெட்டுல தூத்துக்குடி சலாபத்துல ஏலம் எடுத்தேன் ஓய். அவ கைக் காப்பு ரெண்டையும் அடகு வெச்சுத்தான் எடுத்தேன். அவகிட்ட கேக்கவே இல்ல, பெட்டிய தெறந்து எடுத்துட்டுப் போயிட்டேன். ஒரு வாரம் நாத்தத்துல கெடந்தேன். கழுவிப் பாத்தா கடுகு கடுகா கொஞ்சம். வீட்டுக்குப் போயி மடிய அவுத்துக் காட்டினேன். பாத்தா. ஒரு வார்த்த கேக்கல. சோறு போட்டா. அந்தச் சோறு எனக்கு இன்னும் எறங்கல ஓய். காப்ப மீட்டுக் கொடுக்கணும்னுதான் கப்பல் ஏறினேன்.”

இதற்குச் சிநேகிதர் என்ன சொன்னார் என்று தெரியவில்லை. அந்த நேரத்தில் யாரோ ஒரு பிள்ளை கேமராவுக்குப் பக்கத்தில் கத்துகிறது. பிறகு இருவரும் சாப்பிட எழுந்து போகும் சத்தம்.

நான் இதைப் பல நாள் யாரிடமும் சொல்லவில்லை. உம்மாவுக்கு அப்போது 86 வயது. கேட்க வைப்பதா வேண்டாமா என்று எனக்கு ஒரே குழப்பம். லாத்தாவிடம் கேட்டேன். “நம்ம யாரு அத மறைக்க, அவங்க சேதி அவங்களுக்குத்தானே” என்றாள். ஒரு நாள் அஸருக்குப் பிறகு உம்மாவின் கட்டிலருகே உட்கார்ந்து போட்டுக் காட்டினோம். உம்மாவுக்குக் காது நன்றாகக் கேட்கும், என்னைவிட நன்றாக.

முழுவதும் கேட்டார்கள். கண்ணை மூடியிருந்ததால் தூங்கிவிட்டார்களோ என்று நினைத்தேன். முடிந்ததும், “இன்னொரு தரம் போடு” என்றார்கள். போட்டேன். அது முடிந்த பிறகு சொன்னார்கள்:

“ஒரு வார்த்த கேக்கலையாமே! நான் கேட்டேன். ‘சாப்பிட்டீங்களா’ன்னு கேட்டேன். இவ்வளவு நாளும் அது அவங்க காதுல விழலையா?”

அதற்கு மேல் எதுவும் சொல்லவில்லை. காப்பு திரும்பி வந்ததா என்று லாத்தா கேட்டதற்கு, “ஒண்ணு வந்தது” என்றார்கள். அந்த ஒன்றைத்தான் லாத்தா கல்யாணத்தில் அழித்து வேறு நகை செய்தோம் என்பது எனக்கு அன்றுதான் தெரியும். நான் வாப்பாவிடம் கேட்ட கேள்விக்கு அவர்கள் ஏன் பதில் சொல்லவில்லை என்பதும் அன்றுதான் புரிந்தது. பதில் சொன்னால் உம்மாவின் பெட்டியைத் திறந்ததையும் பிள்ளையிடம் சொல்ல வேண்டியிருந்திருக்கும்.

உம்மா இப்போது இல்லை.

இதைப் படிக்கிற என் வயதுக்காரர்களுக்குச் சில சொற்கள். உங்கள் வீட்டிலும் பழைய கேசட்டுகளும் வட்டுகளும் கிடக்கும். பயணத்திலிருந்த காலத்தில் நாம் கடிதத்துக்குப் பதிலாகப் பேசி அனுப்பிய கேசட்டுகள் கூட இருக்கலாம். அவற்றைக் கணினியில் ஏற்றக் கொடுக்கும்போது, இடதையும் வலதையும் கலக்காமல் ஸ்டீரியோவாகவே ஏற்றச் சொல்லுங்கள். பழைய மோனோ டேப்பில் பேசியதாக இருந்தாலும் அப்படியே செய்யச் சொல்லுங்கள். இரண்டு பக்கமும் ஒரே குரல்தான் இருக்கும், ஆனால் நாடா பழுதாகி ஒரு பக்கம் கொரகொரத்தால் நல்ல பக்கத்தை மட்டும் எடுத்துக்கொள்ளலாம். வாங்கியவுடன் ஒவ்வொரு பக்கமாகத் தனியாகக் கேட்டுப் பாருங்கள். ஹெட்போனின் ஒரு பக்கத்தை விலக்கினால் போதும். நகல் கிடைத்துவிட்டது என்று மூலத்தைத் தூக்கி எறியாதீர்கள்.

என்னைப் போல ஒரு காது மட்டும் கேட்பவர்கள் கைபேசியில் ‘மோனோ ஆடியோ’ என்ற வசதியைப் போட்டுக்கொண்டால் இரண்டு பக்கத்து ஒலியும் ஒரே காதுக்கு வந்துவிடும். பேரன் எனக்கும் அதைப் போட்டுக் கொடுத்திருக்கிறான். செய்தி கேட்கவும் பேச்சு கேட்கவும் வசதியாக இருக்கிறது.

கல்யாண வட்டைப் பார்க்கும்போது மட்டும் அதை நிறுத்திவிடுகிறேன்.